வாசகர் கேள்வி – பதில்: கருப்பட்டி எடை எங்கே குறைகிறது?

கேள்வி: சாயல்குடி பக்கம் எட்டுப் பனையில் பாளை சீவுகிறோம். நாளுக்கு 10 லிட்டர் பதநீர் கிடைக்கிறது; வீட்டு அடுப்பிலேயே காய்ச்சுகிறோம். 900 கிராமுக்கு மேல் கருப்பட்டி நிற்பதில்லை. பக்கத்து விடிலியில் (கருப்பட்டி காய்ச்சும் குடிசையில்) இதே அளவுக்கு ஒன்றேகால் கிலோ எடுக்கிறார்கள். எங்கள் தவறு எது?

பதில்: தவறு இருக்கிறதா என்பதையே முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பிரிக்ஸ் (நூறு கிராமில் 12 கிராம் சர்க்கரை) பதநீர் 10 லிட்டர் என்றால் எடை ஏறக்குறைய பத்தரை கிலோ, அதில் சர்க்கரை 1.26 கிலோ. கருப்பட்டியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு ஈரம் நிற்கும் என்று வைத்தால் 1.37 கிலோ வர வேண்டும். சட்டி, அகப்பை, வடிதுணியில் ஒட்டுவது 100 கிராம் போனால் விடிலிக்காரர் சொன்ன ஒன்றேகால் கிலோ சரியாக வந்துவிடுகிறது. உங்கள் பதநீர் 9 பிரிக்ஸ்தான் என்றால் இதே கணக்கில் 900 கிராம்தான் வரும். அப்படியானால் உங்கள் கைப்பக்குவத்தில் பிழையில்லை, பதநீர்தான் மெலிந்தது.

ஆகவே ஒரு பிரிக்ஸ் மானி வாங்குங்கள். 0 முதல் 32 வரை அளவு உள்ளதாக, வெப்பத் திருத்தம் கொண்டதாக இருக்கட்டும். நம் கரையோரத்து இறால் பண்ணைகளில் உப்பு பார்க்க வைத்திருக்கும் கருவியும் பார்வைக்கு இப்படியே இருக்கும். அதன் அளவுகோல் வேறு, இரவல் வாங்கி ஏமாற வேண்டாம். வடிகட்டித் தெளிந்த பதநீரில்தான் பார்க்க வேண்டும். கலங்கலாக இருந்தால் கோடு தெளிவாக விழாது.

அளந்து பார்த்து 12 இருந்தும் எடை வரவில்லையா? அப்போது இழப்பு பெரும்பாலும் மரத்தில், கலயத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. இரவெல்லாம் தொங்கும் கலயத்தில் ஈஸ்ட் புகுந்தால் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். அது அடுப்பில் ஆவியாகிப் போய்விடும். சாராயம் கலந்த பதநீரில் மானி காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. கூடவே புளிப்பு ஏறும். புளிப்பில் கொதித்தால் மிச்சமுள்ள சர்க்கரையும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடையும். உடைந்த சர்க்கரை மணி கட்டாது, அதாவது படிகமாகாது. எடையும் குறைந்து கட்டியும் பிசுபிசுப்பது இதனால்தான்.

இதைத் தடுப்பது சுண்ணாம்பு ஒன்றுதான். கலயத்தின் உள்ளே பூசினால் மட்டும் போதாது, அதில் காரம் (புளிப்பை முறிக்கும் தன்மை) இருக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் திறந்து போட்டால் காற்றுப்பட்டு மறுபடி கிளிஞ்சலின் சத்தாகவே மாறிவிடும். வெள்ளையாக இருக்கும், வேலை செய்யாது. நீற்றியதும் மேலே தண்ணீர் நிற்கும்படி மூடிய பாத்திரத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் கலயத்தை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, புதிதாகப் பூசுங்கள். கழுவ உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். சட்டியில் சேரும் உப்பு பிறகு கட்டியில் ஈரம் இழுக்கும்.

இறக்கியதும் புளிப்பு, காரம் காட்டும் பி.எச். தாளைப் பதநீரில் நனைத்துப் பாருங்கள். 8 அல்லது மேலே இருந்தால் நல்லது. 7-க்குக் கீழே இறங்கிய கலயத்தை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. ஒரு கலயம் எட்டுக் கலயத்தையும் கெடுத்துவிடும். தனியாகக் காய்ச்சிப் பாகாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியாக்க முயன்றால் கருகும்.

கேள்வி: சுண்ணாம்பு கூட்டினால் பதநீர் கெடவில்லை. ஆனால் கருப்பட்டி கறுத்து, நாக்கில் காரமாகக் கரகரக்கிறது.

பதில்: சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு கரைவது குறையும். பதநீரைக் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, கொதிக்கவிடாமல் இறக்கி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவை மட்டும் இறுத்து இரண்டு மடிப்புத் துணியில் வடியுங்கள். அடி வண்டலைச் சட்டியில் ஊற்றாதீர்கள். அது அடியில் பத்தாக (காய்ந்த படலமாக) பிடித்து, அங்கேதான் பாகு கருகத் தொடங்கும். ஏற்கெனவே படிந்த பத்தைப் புளி தேய்த்து எடுக்கலாம்.

கேள்வி: பதம் ஒரு நாள் தப்பாமல் வருகிறது, மறுநாள் இளகிவிடுகிறது. குறைந்த அளவில் காய்ச்சுவதால்தானா?

பதில்: ஆம், சிறிய அளவில் பதம் நொடியில் ஓடிவிடும். 10 லிட்டரில் ஏறக்குறைய ஒன்பது கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும், ஆகவே வாயகன்ற சட்டியில் தீயை நன்றாக எரியவிடலாம். சீமைக் கருவேல விறகு அதற்குப் பொருத்தம். பாகு கெட்டியானதும் தீயைப் பாதியாக இழுத்துவிட வேண்டும். பொங்கினால் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். வெப்பமானி 118 முதல் 120 டிகிரி காட்டும்போது இறக்குங்கள். கடல் மட்டத்தில் இருக்கிறோம்; கொதிக்கும் தண்ணீரில் மானி 100 காட்ட வேண்டும், 98 காட்டினால் மானி காட்டும் எண்ணோடு அந்த இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மானி இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். உருட்டினால் உருண்டு, அழுத்தினால் மட்டும் நசுங்க வேண்டும்.

இறக்கியதும் மரத்துடுப்பால் ஓரம் வெளுத்துவரும் வரை கிண்டுங்கள். மணி கட்டுவது இந்தக் கிண்டலில்தான். பிறகு நனைத்த சிரட்டையில் ஊற்றுங்கள்.

ஒட்டி வீணாகும் 100 கிராம், 10 லிட்டருக்கும் அதுவே, 20 லிட்டருக்கும் கிட்டத்தட்ட அதுவே. எனவே முதல் நாள் பதநீரைக் கொதிநிலை 104 டிகிரி வரும்வரை மட்டும் சுண்டவைத்து (அப்போது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும்), சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்து, மறுநாள் பதநீரோடு சேர்த்து முடியுங்கள். இரண்டு நாளுக்கு ஒரே ஒட்டல். சட்டியில் ஒட்டியதைச் சூடான பதநீர் ஒரு குவளை ஊற்றிக் கரைத்து, அப்போதே அடுத்த சட்டியில் சேர்த்துவிடலாம், வைத்திருந்தால் புளிக்கும்.

கேள்வி: எடைக்குக் கொஞ்சம் சீனி சேர்த்தால் என்ன?

பதில்: கட்டி நன்றாக இறுகும், எடையும் கூடும். ஆனால் பனையின் மணம் போய்விடும். வாங்குகிறவர் பனை என்று நம்பித்தான் காசு தருகிறார், சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் கட்டிகள் வியர்க்கின்றன.

பதில்: ஓலைப்பெட்டியில் அடுக்கி அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள், புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடாது. கடல் காற்று அடிக்கும் சன்னலோரம் வேண்டாம். அப்படியும் வியர்த்தால் அந்தக் கட்டியில் உடைந்த சர்க்கரை அதிகம். அதை முதலில் செலவழித்துவிடுங்கள்.