ஃபங்ஷன் சரி, இண்டெக்ஸ் ஏன் கைகொடுக்கவில்லை?

கேள்வி: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் வாடிக்கையாளர் டேபிள் ஒன்று இருக்கிறது. கைபேசி எண்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி பதிந்திருக்கிறார்கள்: நடுவில் இடம் விட்டு, கோடு போட்டு, அடைப்புக்குறிக்குள். இலக்கங்களை மட்டும் எடுத்துத் தர ஒரு ஃபங்ஷன் எழுதினேன். விடை சரியாகவே வருகிறது. ஆனால் 20 லட்சம் ரெக்கார்டில் ஓர் எண்ணைத் தேடினால் பல விநாடி இழுக்கிறது. கைபேசி நெடுவரிசைக்கு, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸும் போட்டிருக்கிறேன். எங்கே பிழை? வாடிக்கையாளரின் மொத்தக் கொள்முதலைக் கணக்கிடவும் இதேபோல் ஒரு ஃபங்ஷன் எழுதலாமா?

பதில்: உங்கள் இண்டெக்ஸ், எண்கள் பதிந்த கோலத்திலேயே, கோடும் இடைவெளியுமாக, அவற்றை அடுக்கி வைத்திருக்கிறது. நீங்கள் தேடுவதோ ஃபங்ஷன் தரும் விடையை. அந்த விடை எந்த இண்டெக்ஸிலும் இல்லை. எனவே டேட்டாபேஸ் முதல் ரெக்கார்டிலிருந்து கடைசிவரை போய், ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. 20 லட்சம் ரெக்கார்டு என்றால் 20 லட்சம் அழைப்பு. குவெரிக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ சேர்த்து ஓட்டுங்கள். ‘சீக் ஸ்கேன்’ (வரிசையாக எல்லா ரெக்கார்டையும் படிப்பது) என்று வந்தால் நடப்பது இதுதான்.

உங்கள் ஃபங்ஷனை நான் இப்படி எழுதுவேன். கீவேர்டுகளை இங்கே ஒலிபெயர்த்திருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்:

கிரியேட் ஃபங்ஷன் தூய_எண்(மூலம் டெக்ஸ்ட்)
ரிட்டர்ன்ஸ் டெக்ஸ்ட்
லாங்குவேஜ் எஸ்க்யூஎல்
இம்யூட்டபிள் ஸ்ட்ரிக்ட்
அஸ் $$ செலக்ட் ரெஜெக்ஸ்ப்_ரீப்ளேஸ்(மூலம், '[^0-9]', '', 'ஜி') $$;

கடைசியில் உள்ள அந்த ‘ஜி’ (இதுவும் ஆங்கில எழுத்துதான்), எல்லா இடத்திலும் மாற்றச் சொல்வது; அதை விட்டுவிட்டால் முதல் கோடு மட்டும் போகும், மீதி அப்படியே நிற்கும். ‘ஸ்ட்ரிக்ட்’ என்பது, உள்ளே நல் (மதிப்பே இல்லாத நிலை) வந்தால் ஃபங்ஷனை ஓட்டாமலே நல்லைத் திருப்பித் தரச் சொல்வது. பெயரைத் தமிழில் வைத்தது விளையாட்டுக்கு இல்லை. போஸ்ட்கிரஸ் அதை ஏற்கும். பெயருக்கு 63 பைட்தான் எல்லை, யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறியீடுதான்.

இனி இண்டெக்ஸை ஃபங்ஷன் தரும் விடையின் மீதே போடுங்கள்:

கிரியேட் இண்டெக்ஸ் ஆன் வாடிக்கையாளர் (தூய_எண்(கைபேசி));

அதன்பின், டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்க ஒருமுறை ‘அனலைஸ்’ ஓட்டுங்கள். தேடும்போதும், குவெரியில் நிபந்தனை எழுதும் ‘வேர்’ பகுதியில் இதே தூய_எண்(கைபேசி) வரவேண்டும். வேறு விதமாக எழுதினால், குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்யும் பிளானர் இந்த இண்டெக்ஸைக் கண்டுகொள்ளாது.

‘இம்யூட்டபிள்’ என்ற சொல்லில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரே உள்ளீட்டுக்கு என்றென்றைக்கும் ஒரே விடை என்று டேட்டாபேஸுக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு அது. ‘ஸ்டேபிள்’ என்றால் ஒரு குவெரி ஓடி முடியும்வரை மட்டும் விடை மாறாது. ‘வாலட்டைல்’ என்றால் ஒவ்வொரு அழைப்பிலும் மாறலாம். எதுவும் எழுதாவிட்டால் வாலட்டைல் என்றே எடுத்துக்கொள்ளப்படும், அப்படிப்பட்ட ஃபங்ஷன் மீது இண்டெக்ஸ் போட முடியாது. எர்ரர் வரும். அந்த எர்ரரின் வாயை அடைக்க இம்யூட்டபிள் என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஃபங்ஷனுக்குள் என்ன நடக்கிறது, வாக்கு உண்மைதானா என்று போஸ்ட்கிரஸ் பெரும்பாலும் துருவிப் பார்ப்பதில்லை.

நானும் ஒருமுறை அப்படிப் போனவன். குறியீட்டைக் கொடுத்தால் இன்னொரு டேபிளில் அதன் பெயரைத் தேடித் தரும் ஃபங்ஷன் அது. இண்டெக்ஸ் வேண்டும் என்ற அவசரத்தில் இம்யூட்டபிள் போட்டேன். சில மாதம் கழித்து அந்த டேபிளில் ஒரு பெயரை யாரோ திருத்தினார்கள். இண்டெக்ஸிலோ பழைய பெயரே கிடந்தது. புதுப் பெயரைப் போட்டுத் தேடினால் பூஜ்யம் ரெக்கார்டு, டேபிளைத் திறந்து பார்த்தால் ரெக்கார்டு கண்ணெதிரே இருக்கிறது. எர்ரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இரண்டு நாள் போயிற்று. வேறு டேபிளைப் பார்க்கும், கடிகாரத்தைப் பார்க்கும், டைம்ஸோன் செட்டிங்கைச் சார்ந்திருக்கும் எதையும் இம்யூட்டபிள் என்று சொல்லாதீர்கள். உங்கள் தூய_எண் தன் உள்ளீட்டைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை, அதனால் பயமில்லை. ஆனால் நாளைக்கு அதன் விதியை மாற்றினால், இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் ‘ரீஇண்டெக்ஸ்’ கட்டாயம். ஏற்கெனவே கணக்கிட்டு வைத்த விடைகள் தாமாக மாறிக்கொள்ளாது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மொத்தக் கொள்முதலுக்கு அப்படி ஃபங்ஷன் எழுத வேண்டாம். வாடிக்கையாளர் எண்ணை வாங்கி, ஆர்டர் டேபிளில் தொகையைக் கூட்டித் தரும் ஃபங்ஷன் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதை செலக்ட் பட்டியலில் வைத்து 5,000 வாடிக்கையாளருக்கு ஓட்டினால், உள்ளே 5,000 தனிக் குவெரி ஓடும். பிளானருக்கு அது மூடிய பெட்டி, அதைப் பிரித்து ஜாயினாக (இரு டேபிள்களை இணைக்கும் குவெரியாக) மாற்ற அதனால் முடியாது. ஆர்டர் டேபிளை வாடிக்கையாளர் வாரியாக ‘குரூப் பை’ செய்து, ஒரே ஜாயினில் முடியுங்கள். அடிக்கடி தேவை என்றால் அதை ஒரு வியூவாக (பெயரிட்டுச் சேமித்த குவெரியாக) வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி எப்போதுமே மூடியிருக்கும் என்றும் இல்லை. மேலே தூய_எண்ணை எஸ்க்யூஎல் மொழியிலேயே எழுதியதற்குக் காரணம் உண்டு: ஒரே ஒரு எளிய செலக்ட் கொண்ட அப்படிப்பட்ட ஃபங்ஷனை பிளானர் பிரித்து, குவெரிக்குள்ளேயே கலந்துவிட முடியும். போஸ்ட்கிரஸின் இன்னொரு நிரல்மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதியதை அப்படிக் கலக்க முடியாது. ஓர் இஃப் தேவைப்படுகிறதே என்று அந்தப் பக்கம் போகாதீர்கள், ‘கேஸ்’ போதும்.

நாளைக்கு வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் இதே யோசனையை அப்படியே தூக்கிச் செல்ல முடியாது. மைஎஸ்க்யூஎல்லில், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பைனரி லாக் ஓடும்போது, டிட்டர்மினிஸ்டிக் (ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை) என்றோ டேட்டாவை மாற்றாது என்றோ சொல்லாமல் ஃபங்ஷன் எழுதினால் வழக்கமான செட்டிங்கில் எர்ரர் 1418 வரும். நீங்கள் எழுதிய ஃபங்ஷன் மீது அங்கே இண்டெக்ஸும் போட முடியாது. தூய்மையான எண்ணைத் தனி நெடுவரிசையில் சேமிப்பது ஒரு வழி. எஸ்க்யூஎல் சர்வரில் ஒற்றை மதிப்பு தரும் ஃபங்ஷன்கள் நெடுங்காலம் ஆமை வேகம். 2019 பதிப்பிலிருந்து சிலவற்றை அதுவே குவெரிக்குள் பிரித்துப் போட்டுக்கொள்கிறது. எஸ்க்யூலைட்டில் ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்பதே கிடையாது. உங்கள் நிரலிலிருந்துதான் ஃபங்ஷனைப் பதிய வேண்டும், ஒவ்வொரு கனெக்ஷனைத் திறக்கும்போதும்.