கோடு மூன்று, நெட் பூஜ்யம்

இந்த முறை, சிம் போட்டால் வைஃபை தருகிற, பையில் போட்டுக்கொண்டு போகிற சின்ன ரூட்டரைப் பற்றியே நான்கு கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்தான்: சிக்னல் போய்த் திரும்பி வந்தாலும் இணைப்பு வருவதில்லை. நோய் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் தனித்தனியாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தினமும் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் போய் வருகிறேன். அலுவலக வேலையில் பாதியை அங்கேயே முடித்துவிடுவேன். அதற்காகவே பாக்கெட் ரூட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். வழியில் ஒரு சுரங்கப்பாதை, அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பாறை. ஆறேழு நிமிடம் சிக்னலே கிடையாது. வெளியே வந்ததும் என் போனுக்கு உடனே 4ஜி வந்துவிடுகிறது. ரூட்டரும் மூன்று கோடு காட்டுகிறது. ஆனால் லேப்டாப்பில் எதுவும் திறக்காது. ரூட்டரை அணைத்துப் போட்டால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் சிம்தான். தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். அவர் சொன்னதும் பொய் இல்லை. மேஜைமேல் வைத்துப் பார்த்தால் அது நன்றாகத்தான் ஓடும். அவர் வீட்டில் சுரங்கப்பாதை இல்லையே!

உங்கள் கடிதம் கிடைத்ததும் உங்களை ஒரு வேலை செய்யச் சொல்லியிருந்தேன். மற்ற வாசகர்களுக்காக அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை இணைப்பு நின்றதும் ரூட்டரை அணைக்காதீர்கள். அணைத்துப் போடுவது திருடன் வந்துபோன வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுவது மாதிரி. வீடு சுத்தமாகிவிடும், தடயமும் போய்விடும். அதற்குப் பதிலாக, ரூட்டரின் வைஃபையில் இருக்கும் போனிலோ லேப்டாப்பிலோ பிரவுசரைத் திறந்து ரூட்டரின் முகவரியை அடியுங்கள். பேட்டரி மூடியைக் கழற்றினால் உள்ளே ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1, 192.168.1.1, 192.168.8.1 இவற்றில் ஒன்றாக இருக்கும். வெளியே நெட் இல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் திறக்கும், ஏனென்றால் அது ரூட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதில் என்ன போட்டிருக்கிறது என்று அப்படியே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று கோடு இருக்கிறது, சரி. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் 4ஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எச்' என்று ஒற்றை எழுத்து. அது 3ஜி வகையறாவின் அடையாளம். நீங்கள் இத்தனை நாளாகக் கோட்டை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள்.

நடப்பது இதுதான். சுரங்கத்தின் வாயில் 4ஜி மங்கும்போது, கையில் கிடைத்த 3ஜியை ரூட்டர் பிடித்துக்கொள்கிறது. வெளியே வந்த பிறகும் அதை விட மாட்டேன் என்கிறது. பல இடங்களில் 3ஜிக்கு இருந்த அலைவரிசையின் பெரும்பகுதியை நிறுவனங்கள் 4ஜிக்கு எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சமிருக்கிற ஒற்றையடிப் பாதையில்தான் உங்கள் லேப்டாப் நெரிபடுகிறது. சிக்னல் பலமாகத்தான் இருக்கிறது, பாதைதான் இல்லை.

அப்படியானால் போன் மட்டும் எப்படித் தப்பித்தது? இந்த விவகாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒரு மோடம் (போனிலும் ரூட்டரிலும் டவரோடு பேசுகிற பகுதி) சும்மா இருக்கும்போது, பக்கத்தில் 4ஜி இருக்கிறதா என்று தானே பார்த்து மாறிக்கொள்ளும். மும்முரமாக டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த உரிமை அதற்கு இல்லை. 'நீ 4ஜிக்குப் போ' என்று நெட்வொர்க் சொன்னால்தான் போகும். உங்கள் போன் ரூட்டரின் வைஃபையில் இருப்பதால் அதன் சொந்த மோடம் சும்மா தூங்குகிறது, அதனால் உடனே மாறிவிடுகிறது. ரூட்டருக்கோ ஓய்வே இல்லை. லேப்டாப் மெயில் பார்க்கிறது, கோப்புகளை மேலே ஏற்றப் பார்க்கிறது, கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்கிறது. நெட் வரவில்லை என்று நீங்கள் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறீர்களே, அதுவும் ரூட்டரை 3ஜியிலேயே பிடித்து வைக்கிறது.

வைத்தியம் சின்னதுதான். அதே பக்கத்தில் நெட்வொர்க் அமைப்பு என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே 'ஆட்டோ' என்று இருப்பதை '4ஜி மட்டும்' என்று மாற்றுங்கள். போனில் இதைச் செய்யச் சொல்ல நான் யோசிப்பேன். 4ஜி வழியாகக் குரல் அழைப்பு வராத இடத்தில் அழைப்பே நின்றுபோகும். ரூட்டரில் யாரும் பேசப்போவதில்லை. 4ஜியே இல்லாத ஊருக்குப் போனால் மட்டும் மறக்காமல் பழையபடி ஆட்டோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

(இதை எழுதி அனுப்பிய பத்து நாளில் அந்த வாசகியிடமிருந்து மறுபடியும் கடிதம்.)

கேள்வி: நீங்கள் சொன்னபடி மாற்றினேன். தொல்லை போய்விட்டது, ஆனால் முழுதாக இல்லை. இந்தப் பத்து நாளில் இரண்டு முறை, வெளியே வந்து வெகுநேரம் ஆகியும் 'சேவை இல்லை' என்றே இருந்தது. ஒரு நாள் பொறுமையாகக் காத்திருந்து பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் கழித்துத் தானாகவே வந்தது. இது என்ன கணக்கு?

பதில்: பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதற்கே ஒரு நன்றி. இருபது வருடம் டவர் பராமரிப்பில் இருந்தவன் நான். கடிகாரம் பார்த்துப் புகார் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதற்கு உண்மையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. சிக்னல் இருந்தால் மட்டும் போதாது, மோடம் நெட்வொர்க்கிடம் போய்த் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சுரங்கத்தின் ஓரத்தில் சிக்னல் வந்து வந்து போகும்போது, பதிவுக்கான கோரிக்கை போகிறது, பதில் திரும்பி வருவதில்லை. 4ஜி விதிப்படி, தோற்றுப்போனால் 10 விநாடி விட்டு மறுபடி கேட்கலாம். இப்படி ஐந்து முறை தோற்றால் டி3402 என்ற பெயருள்ள ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். நெட்வொர்க் வேறு மாதிரி சொல்லாதவரை அதன் அளவு 12 நிமிடம். அது முடியும்வரை மோடம் பொதுவாக வாயைத் திறக்காது. ஒரு டவர் விழுந்து எழுந்தால் ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். அந்தக் கூட்டத்தைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. ரயில் நகர்ந்து நெட்வொர்க்கின் வேறொரு பகுதிக்குள் நுழைந்துவிட்டால் 12 நிமிடத்துக்கு முன்பே மறுபடி முயலும். உங்களுக்கு ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். போதாக்குறைக்கு, வெகுநேரம் சிக்னல் இல்லாமல் இருந்தால் பேட்டரியை மிச்சம் பிடிக்க மோடம் தேடும் இடைவெளியையும் கூட்டிக்கொண்டே போகும்.

'சேவை இல்லை' என்று இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் தாராளமாக அணைத்துப் போடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அணைத்ததும் அந்தக் கடிகாரமும் அழிந்துவிடும். அப்படியே ரூட்டரைப் பைக்குள்ளிருந்து எடுத்து ஜன்னல் ஓரமாக வையுங்கள். லேப்டாப்புக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில் கிடந்தால் பாவம் அதுதான் என்ன செய்யும்? வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ரூட்டரின் அதே பக்கத்தில் டிபிஎம் என்று சிக்னலின் பலத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கும், எப்போதும் மைனஸில். 4ஜியில் மைனஸ் 80 பக்கம் இருந்தால் அருமை. மைனஸ் 100 என்றால் ஓட்டலாம். மைனஸ் 115ஐத் தாண்டினால் கோரிக்கை போய்ப் பதில் வராத கதைதான். 10 எண் இறங்கினால் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். கோட்டை நம்பாதீர்கள், எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பது தயாரிப்பாளர் இஷ்டம்.

கேள்வி: ஆள் இல்லாத வீட்டில் ஒரு கேமராவை பாக்கெட் ரூட்டரோடு இணைத்து வைத்திருக்கிறேன். ரூட்டர் எப்போதும் சார்ஜரில்தான் இருக்கும். மின்சாரம் வெகுநேரம் போனாலோ, டவர் கொஞ்ச நேரம் நின்றாலோ கேமரா போய்விடும். நேரில் போனால்தான் திரும்ப வரும். தானாக வர வழி உண்டா?

பதில்: நேரில் போகும்போது ரூட்டரில் விளக்கு எரிகிறதா, இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். எரியவில்லை என்றால் விஷயம் எளிது. பாக்கெட் ரூட்டர்கள் பலவற்றில் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டால், மின்சாரம் வந்ததும் சார்ஜ் ஏறும், அவ்வளவுதான்; யாராவது பட்டனை அமுக்கினால்தான் விழிக்கும். அது பையில் போடுவதற்காகச் செய்த பொருள். அந்த வேலைக்குப் பேட்டரி இல்லாத, சிம் போடுகிற சாதாரண ரூட்டரே சரி. மின்சாரம் வந்ததும் தானே எழுந்துகொள்ளும்.

எரிகிறது என்றால் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். ஒன்று, இணைப்பு முறை: 'மேனுவல்' என்று இருந்தால் இணைப்பு அறுந்த பிறகு யாராவது வந்து 'இணை' என்று அழுத்தும்வரை சில ரூட்டர்கள் காத்திருக்கும். 'ஆட்டோ' ஆக்குங்கள். இன்னொன்று, வைஃபை தூக்கம். பத்து நிமிடம் எந்தக் கருவியும் சேராவிட்டால் வைஃபையை அணைத்துவிடும் வசதி பல பாக்கெட் ரூட்டர்களில் உண்டு. நெட் போனதும் உங்கள் கேமரா சற்று நேரம் விலகி நிற்கிறது என்று வையுங்கள். அதற்குள் ரூட்டர் தூங்கிவிடும். கேமரா திரும்பி வந்து வைஃபையைத் தேடும், காணாது. வைஃபை இல்லாததால் கேமரா சேர முடியாது, கேமரா சேராததால் ரூட்டர் எழாது. அந்தத் தூக்கத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று வைத்துவிடுங்கள்.

தினமும் குறித்த நேரத்தில் தானே அணைந்து எழும் வசதி உங்கள் ரூட்டரில் இருந்தால் விடிகாலை 4 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே அணைத்துப் போடுவதைத் திட்டியவனும் நான்தான். ஆனால் ஆள் இல்லாத வீட்டில் தடயம் பார்க்க யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வருடக்கணக்கில் சார்ஜரிலேயே சூட்டில் கிடக்கும் லித்தியம் பேட்டரி வீங்கும். மூடி சரியாகப் படியாமல் மேஜைமேல் ரூட்டர் ஆடினால் அன்றைக்கே சார்ஜரிலிருந்து எடுத்துவிடுங்கள். அழுத்தி மூடிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: சிக்னல் வந்ததும் போனில் நெட் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வருவதில்லை. இரண்டும் ஒரே ரூட்டரில்தான் இருக்கின்றன.

பதில்: அப்படியானால் ரூட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. போன் சத்தமில்லாமல் ரூட்டரை விட்டுவிட்டுத் தன் சொந்த சிம்முக்குத் தாவியிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். நெட் இல்லாத வைஃபையைப் போன்கள் அப்படிக் கைகழுவும். இல்லை, அதே வைஃபையில்தான் இருக்கிறது என்றால் குற்றவாளி லேப்டாப்.

அறுந்து மறுபடி சேரும்போது ரூட்டருக்குப் பெரும்பாலும் புது ஐபி எண் (இணையத்தில் அதன் முகவரி) கிடைக்கும். லேப்டாப்புக்கு அது தெரியாது. பழைய வழியில் போட்ட இணைப்புகளுக்குப் பதில் வரும் என்று அது காத்துக்கொண்டே இருக்கும். விபிஎன் (அலுவலகத்துக்குப் போகிற மறைவான தனிப்பாதை மாதிரி) போட்டிருந்தால் முதலில் அதைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

ஐபிவி6 என்கிற புது வகை ஐபி எண் என்றால் இன்னும் வேடிக்கை. அதில் ரூட்டர் தருகிற முகவரி முன்னொட்டை, அதாவது முகவரியின் முன்பகுதியை, கருவிகள் நினைவில் வைத்துக்கொள்கின்றன. 2007இல் வந்த விதிப்படி, ஒரு முன்னொட்டு செல்லுபடியாகும் ஆயுள் இயல்பாக 30 நாள், அதற்கு முன்னுரிமை கிடைப்பது 7 நாள். முன்னொட்டு சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும் ஒரு ரூட்டருக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? பழையது செல்லாது என்று ரூட்டர் ஒழுங்காக அறிவிக்காவிட்டால், லேப்டாப் காலாவதியான முகவரியைக் கட்டிக்கொண்டு அழும். இதே தலைவலியைப் பற்றி 2021இல், இணைய விதிகளை எழுதும் ஆர்எஃப்சி வரிசையில், ஆர்எஃப்சி 8978 என்று ஓர் ஆவணமே வெளியானது. உங்கள் அளவில், லேப்டாப்பின் வைஃபையை மட்டும் அணைத்துப் போட்டால் போதும். தினமும் நடந்தால் ரூட்டரின் ஏபிஎன் அமைப்பில் (சிம் நிறுவனத்தின் இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயர் அங்கேதான் இருக்கும்) 'ஐபிவி4 மட்டும்' என்று மாற்றிப் பாருங்கள். சில நெட்வொர்க்குகள் அதை ஏற்காது. அப்போது பழையபடி வைத்துவிடுங்கள்.

கேள்வி: ரூட்டரில் ரீசெட் என்று ஒரு சின்னத் துளை இருக்கிறது. குண்டூசியால் குத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: குத்தலாம், கடைசியாக. அதற்கு முன் ஏபிஎன் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி வையுங்கள். எல்லாம் தொழிற்சாலையில் இருந்த நிலைக்குப் போய்விடும். அதன் பிறகு கடவுச்சொல் ஸ்டிக்கரில் இருப்பதுதான். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் அவசரத்தில் படம் எடுக்காமல் குத்தினேன். ஏபிஎன் போய்விட்டது. கேட்கலாம் என்று நிறுவனத்துக்குப் போன் செய்து முக்கால் மணி நேரம் பாட்டு கேட்டேன். சரி, அதற்குள் ரூட்டருக்குள்ளாவது நுழைவோம் என்று மூடியைத் திறந்தால், இரண்டு வருடம் சட்டைப் பையில் வியர்வை பட்டுப் பட்டு ஸ்டிக்கரில் கடைசி மூன்று எழுத்து அழிந்திருந்தது.