அணில் பின்னங்காலை இழுக்கிறதா? கடலைத் தட்டை முதலில் எடுங்கள்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். பட்டுப்போன மரத்தை வெட்டியபோது விழுந்த அணில்பிள்ளையை எடுத்து வளர்த்தோம். ஐந்து மாதம் ஆகிறது. நிலக்கடலை, தேங்காய்ச் சில்லு, சூரியகாந்தி விதை, கொஞ்சம் பிஸ்கட் கொடுக்கிறோம்; ஆசையாகத் தின்கிறது. கூண்டு வீட்டுக்குள்தான் இருக்கிறது. பத்து நாளாகத் தாவுவதில்லை, பின்னங்காலை இழுத்து நடக்கிறது. என்ன தீனி கொடுத்தால் சரியாகும்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பெரும்பாலும் கால்சியம் குறைந்து எலும்பு இளகும் நோய். உயரத்திலிருந்து விழுந்து அடிபட்டிருந்தால் கால் திடீரென்று செயலிழக்கும். உங்கள் அணில் முதலில் தாவுவதை நிறுத்தி, பிறகு காலை இழுக்கிறது. இதை அடுத்து வலிப்பு வரலாம். ஆகவே இன்றோ நாளையோ கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவு இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

வயிறு நிறையத் தின்றும் இந்த நோய் வரக் காரணம் தீனியின் சேர்மானம். உரக்கணக்கில் மணிச்சத்து என்கிறோமே, அந்தப் பாஸ்பரஸ் தீனியில் கால்சியத்தைத் தாண்டக் கூடாது. கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு இருந்தால் நல்லது. நீங்கள் கொடுப்பதெல்லாம் இதற்கு நேர் எதிர். நிலக்கடலையில் கால்சியத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. தேங்காயிலும் சூரியகாந்தி விதையிலும் எட்டு மடங்கு. நரம்பும் தசையும் இயங்க ரத்தத்தில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். தீனியில் கிடைக்காதபோது உடம்பு அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்கிறது. வெயில் படாத கூண்டில் வைட்டமின் டி-யும் கிடைக்காது. அது இல்லாவிட்டால் தின்கிற கொஞ்சநஞ்சக் கால்சியமும் குடலில் ஒட்டாது. தோப்பில் திரியும் அணில் கொழுந்து, பூ, பழம், பட்டை, பூச்சி என்று பலதும் தின்று வெயிலிலும் காய்வதால் அதற்கு இந்தக் குறை வருவதில்லை.

கடலை, தேங்காய், சூரியகாந்தி விதை, பிஸ்கட் நான்கையும் உடனே நிறுத்துங்கள். மருந்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நாம் விழுங்கும் கால்சியம் மாத்திரையை நுணுக்கிக் கொடுக்காதீர்கள். பலவற்றில் வைட்டமின் டி-யும் சேர்ந்திருக்கும். 100 கிராம் எடையுள்ள உயிருக்கு அது மிஞ்சினால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்துவிடும்.

அன்றாடத் தீனிக்கு வருவோம். வளர்ந்த அணிலுக்கு ஒரு நாளைக்கு உலர்தீனி 6 கிராம், கீரையும் காயும் 8 முதல் 10 கிராம், பழம் 2 கிராம் என்று தொடங்குங்கள். எலி, வெள்ளெலிக்கென்று விற்கும் முழுச்சத்துக் குச்சித் தீவனம் கிடைத்தால் உலர்தீனியாக அதையே கொடுக்கலாம். இல்லாவிட்டால் கேழ்வரகு கைகொடுக்கும். நம் தானியங்களில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக உள்ளது அதில்தான். கேழ்வரகு மாவு 60 கிராம், பொட்டுக்கடலை மாவு 25 கிராம், நிழலில் உலர்த்திய முருங்கை இலைப் பொடி 10 கிராம், முட்டை ஓட்டுப் பொடி இரண்டு சிட்டிகை, அதாவது அரை கிராம். ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, உள்தோலை உரித்து, காய்ந்தபின் அரைத்துத் துணியில் சலியுங்கள். நல்லது என்று ஓட்டுப் பொடியை அள்ளிப் போட வேண்டாம். இலையும் கேழ்வரகுமே பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, இட்லிப் பானையில் 15 நிமிடம் வேகவைத்து, கடிக்கும்போது கடக்கென்று ஒலிக்கும் வரை காயவையுங்கள். நடுவில் ஈரம் தங்கினால் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நஞ்சு ஈரலைத் தாக்கும் என்பதால், பூத்த உருண்டையைத் துடைத்துக் கொடுக்காமல் எறிந்துவிடுங்கள்.

கீரையில் முருங்கையும் அகத்தியும் முதல் தரம். பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், அதைத் தவிருங்கள். பீர்க்கு, வெள்ளரி, கேரட், கொத்தவரை எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பூச்சிமருந்து அடித்த வயலிலிருந்து எதையும் பறித்துப் போடாதீர்கள். பழத்துக்குக் கொய்யாவோ பப்பாளியோ ஒரு சிறு துண்டு போதும். புரதத்துக்காக வாரம் இரண்டு முறை வேகவைத்த முட்டையின் வெள்ளை, விரல் நகம் அளவு. வெங்காயம், சாக்லேட், உப்புக் கடலை, முறுக்கு, டீ எதுவும் ஆகாது. பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

தீனியை மாற்றும்போதுதான் பலர் தோற்றுப்போகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தால் அணில் ருசியானதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைச் சிதறிவிடும். காலையில் பசியோடு இருக்கும்போது உருண்டையை மட்டும் வையுங்கள். அது தின்றபிறகு கீரை, மாலையில் பழம். முதல் சில நாள் உருண்டையின் மேல் பப்பாளிச் சாற்றைத் தடவினால் தொடும். ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னாவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் பழத்தையாவது கொடுத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாகத் தேறியபின் கடலை ஒரு நாளைக்கு ஒரே ஒரு பருப்பு, அதுவும் கடைசியாக.

காலை 8 மணிக்குமேல் அரை மணி நேரம் கூண்டை வெயிலில் வையுங்கள். கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது. வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். கூண்டில் பாதி நிழலாகவும் தண்ணீரோடும் இருக்கட்டும், பூனையும் காக்கையும் நெருங்காமல் பக்கத்திலேயே ஆள் இருக்கட்டும். கால் தேறும்வரை உயரமில்லாத கூண்டில் துணி விரித்து வையுங்கள்; இளகிய எலும்போடு ஏறி விழுந்தால் முதுகெலும்பு முறிந்துவிடும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கொய்யாக் குச்சியும் சிரட்டைத் துண்டும் எப்போதும் கிடக்க வேண்டும்.

தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் சில நாளில் நடை தெளியும். அத்தோடு கடலைக்குத் திரும்பிவிடாதீர்கள். எலும்பு இறுக வாரக்கணக்கில் ஆகும். பாதியில் விட்டால் நோய் திரும்பும். வாரம் ஒருமுறை நகைத் தராசு போன்ற சிறு தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அணில் காட்டுயிர்; கூண்டில் வைத்துக்கொள்ள அல்ல. இப்போதே வனத்துறையிடம் தெரிவியுங்கள். தேறியபின் அதைத் தோப்பிலேயே விடலாமா என்று அவர்களும் மருத்துவரும் பார்த்துச் சொல்வார்கள்.