நான்கு செடிக்கு மேல் கூடாது: வீட்டுக்குள் கஞ்சா நாற்று வளர்ப்பு – வாசகர் கேள்வி பதில்

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தோர் தம் வீட்டில் அளவோடு கஞ்சாச் செடி வளர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. அங்குள்ள வாசகர்களிடமிருந்து இது குறித்துச் சில மாதங்களாகவே கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலான கேள்விகள் விதை முளைத்த முதல் மூன்று வாரங்களைப் பற்றியவை என்பதால், அவற்றைத் தொகுத்து இங்கே பதில் அளிக்கிறோம். இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள வாசகர்கள் கடைசிக் கேள்வியை முதலில் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு கொண்டோ அடுக்ககத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நானும் மனைவியும் இருபத்திரண்டு வயது மகனும் வயது வந்தவர்கள். ஆளுக்கு நான்கு என்ற கணக்கில் பன்னிரண்டு செடி வளர்க்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். சரியா?
– வாசகர், ஸ்காபரோ

பதில்: சரியல்ல. கூட்டாட்சிச் சட்டம் வீட்டுக்கு நான்கு செடி என்றுதான் சொல்கிறது. அந்த வீட்டில் வயது வந்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் கணக்கு மாறாது. நீங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வளர்ப்பவருக்குக் குறைந்தது 19 வயது நிறைந்திருக்க வேண்டும். விதையும் சட்டப்படியான கடையிலிருந்தே வர வேண்டும். மாகாண அரசின் ஒன்டாரியோ கனபிஸ் ஸ்டோரிலும் உரிமம் பெற்ற தனியார் கடைகளிலும் அது கிடைக்கிறது.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். தக்காளி, மிளகாய் போடுகிறவர்கள் பழக்கத்தில் பத்து விதை போட்டு, முளைத்ததில் நல்லதாக நான்கை வைத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடுவார்கள். இங்கே அது கூடாது. இரண்டு அங்குல உயரமுள்ள நாற்றும் செடிதான். ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாமல், இரண்டு விதை போட்டு, அவை தேறியதைப் பார்த்த பிறகு அடுத்த இரண்டைப் போடுவதே சட்டத்துக்கும் நல்லது, விதைக்குக் கொடுத்த விலைக்கும் நல்லது.

உங்கள் நிலையில் அதைவிட முக்கியமானது வாடகை ஒப்பந்தம். சட்டம் அனுமதித்தாலும், கட்டட நிர்வாகத்தின் விதிகளோ ஒப்பந்தமோ வீட்டுக்குள் கஞ்சாச் செடி கூடாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். இரண்டையும் எழுத்தில் படித்துப் பார்த்த பிறகே விதை வாங்குங்கள். கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பை முற்றாகத் தடை செய்திருக்கிறது. கனடாவின் உச்ச நீதிமன்றமும் 2023 ஏப்ரலில் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. அங்கே மொன்றியாலில் இருக்கும் உறவினருக்கு நாற்று கொண்டுபோய்க் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிப்ரவரி தொடக்கத்தில் விதை போட்டு, நாற்றுகளைத் தெற்குப் பார்த்த சன்னல் ஓரத்தில் வைத்தேன். ஒரு வாரத்தில் நூல் போல நீண்டு வளர்ந்து, ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டன. தண்ணீர் தவறாமல் ஊற்றினேன். எங்கே பிசகியது?
– வாசகி, மார்க்கம்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு நோய்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன என்று நினைக்கிறோம். முதலாவது வெளிச்சக் குறைவு. டொரொன்டோ வட்டாரத்தில் பிப்ரவரி தொடக்கத்தில் பகல் நேரமே ஏறத்தாழ பத்து மணி நேரம்தான். அதிலும் பாதி நாள் மேகமூட்டம். கண்ணுக்கு அறை வெளிச்சமாகத் தோன்றினாலும் நாற்றுக்கு அது போதாது. வெளிச்சம் குறைந்தால், தன்னை வேறு செடிகள் மறைத்து நிற்பதாகக் கொண்டு, இலையில் செலவிட வேண்டிய சக்தியையெல்லாம் தண்டை நீட்டுவதில் அது செலவிடுகிறது. இரவில் கணப்பு ஓடுவதால் அறை சூடாகவே இருக்கும். குறைந்த ஒளியும் மிகுந்த சூடும் சேர்ந்தால் நீட்சி இன்னும் விரைவாகும்.

குளிர்காலத்தில் சன்னலை நம்பாமல் எல்இடி விளக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டை வடிவில் வரும் சிறிய விளக்கு என்றால் நாற்றின் தலைக்கு மேலே நான்கு முதல் ஆறு அங்குலத்தில் இருக்கலாம். நூறு வாட் அளவுள்ள வளர்ப்பு விளக்கு என்றால் ஒன்றரை முதல் இரண்டு அடி உயரம் வேண்டும். டைமர் போட்டு ஒரு நாளில் 18 மணி நேரம் வெளிச்சம், 6 மணி நேரம் இருட்டு என்று வையுங்கள். இலையின் ஓரங்கள் மேல் நோக்கிச் சுருண்டால் விளக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். விதையிலிருந்து முதலில் விரியும் வித்திலைக்கும் மண்ணுக்கும் இடையே தண்டு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால் விளக்கு தூரத்தில் இருக்கிறது. இந்த இரண்டையும் பார்த்து உயரத்தைக் கூட்டிக் குறைத்தால் போதும், அளவுகோல் தேவையில்லை. நீண்டுவிட்ட நாற்றையும் காப்பாற்ற வழி உண்டு. ஆழமான கோப்பைக்கு மாற்றி, வித்திலைக்குச் சற்றுக் கீழ்வரை தண்டைச் சுற்றி ஈரப்பதமான மண்ணை இட்டு, ஒரு மெல்லிய குச்சியை ஊன்றித் தாங்கலாக வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். சிறு மின்விசிறியின் காற்று நேரே அடிக்காமல் இலை லேசாக அசையும் அளவுக்கு இருந்தால் தண்டு உறுதிப்படும்.

இரண்டாவது நோய் சாய்ந்தது பற்றியது. சாய்ந்த நாற்று ஒன்றை எடுத்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். அந்த இடம் பழுப்பு நிறமாகி, நீர் கோத்தது போல மென்மையாகி, இழையாக ஒடுங்கியிருந்தால் அது நாற்றழுகல். மேலே இலை பச்சையாக இருக்கும்போதே கழுத்து அறுந்து விழுந்துவிடும். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நுண்ணுயிர்கள் இதற்குக் காரணம். எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணும் அசையாத காற்றும்தான் அவற்றுக்கு வேண்டிய இடம். விழுந்த நாற்றுக்கு மருந்து கிடையாது. அந்த மண்ணைக் கொட்டி, கோப்பையை நன்றாகக் கழுவி, புதிய மண் கலவையில் மீண்டும் தொடங்குங்கள். தோட்டத்து மண்ணையும் பழைய தொட்டி மண்ணையும் நாற்றுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

தவறாமல் ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்றின் மேல் உள்ள அக்கறையால்தான் அப்படிச் செய்திருக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் வீட்டுக்குள் நாற்று இறப்பதற்கு வறட்சியைவிட இந்த அக்கறையே பெரும்பாலும் காரணமாகிறது. நாளைக் கணக்கிட்டு ஊற்றாமல் கோப்பையைக் கையில் தூக்கிப் பாருங்கள். நீர் ஊற்றிய அன்றைய எடை கைக்குப் பழகிவிட்டால், அது இலேசாகும் நாளைக் கையே சொல்லிவிடும். அப்போதும் தண்டின் மீது ஊற்றாமல், அதைச் சுற்றி ஒரு வட்டமாகச் சில கரண்டி ஊற்றினால் வேர் நீரைத் தேடிப் பரவும்.

கேள்வி: மூன்று வார நாற்றுகளின் கீழ் இலை மஞ்சளாகிறது, மேல் இலைகளின் நுனி கருகுகிறது. சத்துக் குறைவு என்று எண்ணி உரம் கலந்த நீரை வாரம் இருமுறை கொடுக்கிறேன். மண்ணின் மேல் சிறிய கறுப்பு ஈக்களும் பறக்கின்றன. குழாய் நீரில் உள்ள குளோரின் காரணமாக இருக்குமா?
– வாசகர், டொரொன்டோ

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். அடியில் இருக்கும் வழவழப்பான இரண்டு வித்திலைகளும் விதையில் சேர்த்து வைத்த உணவு. மூன்று வாரத்தில் அவை மஞ்சளாகி உதிர்வது இயல்பு, அதைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். நுனி கருகுவதுதான் கவனிக்க வேண்டியது, அது பெரும்பாலும் உரம் மிகுந்ததற்கு அடையாளம். கடையில் விற்கும் மண் கலவையில் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குப் போதுமான சத்து இருக்கும். ரம்பப் பற்களுள்ள உண்மையான இலைகள் மூன்று அடுக்கு வந்த பிறகு, பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கைக் கரைத்துக் கொடுக்கத் தொடங்கலாம். மண்ணின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6-க்கும் 6.8-க்கும் இடையில் இருப்பது நல்லது.

டொரொன்டோ குழாய் நீரில் இருப்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின். ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போவது போல அது போய்விடாது. ஆனால் குடிநீரில் இருக்கும் அளவு நாற்றைக் கெடுப்பதில்லை, அதற்காகப் புட்டி நீர் வாங்க வேண்டாம். குளிர்காலக் குழாய் நீரின் கடுங்குளிர் மட்டும் அகலும்படி சற்று நேரம் அறையில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

ஈக்களின் புழுக்கள் ஈர மேல்மண்ணில் இருந்துகொண்டு இளவேரைக் கடிக்கும். மேல்மண் முக்கால் அங்குலம் காய்ந்த பிறகே நீர் விடுவதும், பசை தடவிய மஞ்சள் அட்டைகளை மண்ணுக்கு அருகில் வைப்பதும் பெரும்பாலும் போதும்.

கேள்வி: படுக்கையறையில் உள்ள சுவர் அலமாரியில் இரண்டடிக்கு மூன்றடி இடம் ஒதுக்கலாம் என்று எண்ணுகிறேன். வீட்டில் ஐந்து வயதுப் பேத்தியும் ஒரு நாயும் உண்டு. மின்கட்டணம் எவ்வளவு வரும்?
– வாசகர், மிசிசாகா

பதில்: கட்டணத்தைக் கணக்கிடுவது எளிது. நூறு வாட் விளக்கு 18 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளுக்கு 1.8 யூனிட், முப்பது நாளுக்கு 54 யூனிட். உங்கள் ரசீதில் உள்ள விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். கனடாவின் மின்பாதுகாப்புச் சான்று முத்திரை உள்ள விளக்கையே வாங்க வேண்டும். பல செருகிகளை மாட்டும் நீட்டிப்பு மின்பலகையைத் தரையில் வைக்காமல் சுவரில் மாட்டி, கம்பி சற்றுத் தொய்ந்து பிறகு மேலேறிச் செருகியைச் சேரும்படி விட்டால், கம்பி வழியே இறங்கும் நீர் செருகிக்குள் போகாது.

மூடிய அலமாரியில் சூடும் ஈரமும் தேங்கும். வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியசுக்குள் இருக்கட்டும். கதவின் உட்புறத்தில் நீர் முத்துகள் கண்டால் காற்றோட்டம் போதவில்லை என்று அறிந்து, கதவைத் திறந்து வையுங்கள் அல்லது விசிறியைக் கூட்டுங்கள். பூஞ்சை செடியோடு நிற்காது, சுவருக்கும் துணிக்கும் போகும்.

நாற்றாக இருக்கும்போது நான்கும் அந்த இடத்தில் தாராளமாக அடங்கும். ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு செடியே அந்தப் பரப்பு முழுவதையும் கேட்கும். பூக்கும் காலத்தில் வாடை படுக்கையறை முழுதும் பரவும். ஆகவே உங்கள் இடத்துக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு என்று இப்போதே முடிவு செய்யுங்கள். நான்கு என்பது சட்டத்தின் உச்ச வரம்பு, எட்டியே தீர வேண்டிய எண்ணிக்கை அல்ல.

பேத்தியைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று, எங்களுக்கு அதுவே இந்தக் கடிதத்தின் முதல் கேள்வி. அலமாரிக்குப் பூட்டு வேண்டும், சாவி குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். விதை, உரப்புட்டி, பின்னாளில் அறுவடை என எல்லாமே அந்தப் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கஞ்சா உடலில் சேர்ந்தால் சிறு குழந்தைகள் மயங்கி, மூச்சுத் தளர்ந்து மருத்துவமனைக்குப் போக நேரும்; நாய்களுக்கும் அது நஞ்சு. பூட்டு போட முடியாத அலமாரி என்றால், பேத்தி வளரும்வரை இந்த எண்ணத்தைத் தள்ளிவையுங்கள் என்றே மனதாரச் சொல்வோம்.

கேள்வி: ஜெர்மனியில் எத்தனை செடி?
– வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: 2024 ஏப்ரல் 1 முதல் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் தாம் குடியிருக்கும் இடத்தில் மூன்று செடி வரை, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் வளர்க்கலாம். அங்கே கணக்கு ஆளுக்கு. கனடாவைப் போல வீட்டுக்கு அல்ல. சிறுவர்களுக்கு எட்டாதபடி காப்பது சட்டக் கடமை.

கேள்வி: டொரொன்டோவில் மகள் வீட்டில் இதைப் பார்த்தேன். சென்னையில் என் அடுக்கக பால்கனியில், அழகுக்காக ஒரே ஒரு செடி வைக்கலாமா? வரும்போது விதை கொண்டுவரச் சொல்லட்டுமா?
– வாசகி, சென்னை

பதில்: கூடாது, அம்மா. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றிக் கஞ்சாச் செடி பயிரிடுவது குற்றம். பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. ஒரு செடிதான், அழகுக்குத்தான் என்று சொல்லித் தப்ப வழி இல்லை. இலங்கையிலும் அனுமதியின்றி வளர்ப்பது குற்றமே. கனடாவின் எல்லையைத் தாண்டிக் கஞ்சாவை எந்த வடிவில் கொண்டு சென்றாலும் அந்நாட்டுச் சட்டப்படியே அது குற்றம் என்பதால், விதை கொண்டுவரச் சொல்வது உங்கள் மகளை இரண்டு நாட்டுச் சட்டங்களின் முன்னும் நிறுத்திவிடும். தயவுசெய்து அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

நாற்று வளர்க்கும் ஆசைதான் காரணம் என்றால், மகள் வீட்டில் பார்த்த முறையிலேயே மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளை உங்கள் பால்கனியில் வளர்க்கலாம், விளக்கும் தேவைப்படாது. தமிழ்நாட்டு நாற்றுப் பண்ணைகளில் பயன்படுத்தும் குழித்தட்டு ஒன்றை வாங்கி, மட்கிய தென்னை நார்க்கழிவோடு சிறிது மண்புழு உரம் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை அரை அங்குலத்துக்குள் போடுங்கள். காலை வெயில் படட்டும், நண்பகல் வெயிலுக்குப் பச்சை நிழல்வலை வேண்டும். தக்காளி நாற்று இருபத்தைந்து நாளை ஒட்டித் தொட்டிக்கு மாற்றத் தயாராகிவிடும். மிளகாய்க்கு இன்னும் ஒன்றரை வாரம் கூடுதலாக விடுங்கள்.