கஞ்சிக்கு என் பெயரைச் சொல்லவில்லை என்று மனம் வாடியது. கொடுத்த நன்மை போய்விட்டதா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். மௌத்தாகிவிட்ட (இறந்துபோன) என் வாப்பாவுக்காக (தந்தைக்காக), ரமலானில் ஒருநாள் நோன்புக் கஞ்சிச் செலவை ஆண்டுதோறும் ஏற்று வருகிறேன். "இன்றைய கஞ்சி இன்னார் உபயம்" என்று எங்கள் பள்ளிவாசலில் மைக்கில் சொல்வார்கள், பலகையிலும் எழுதுவார்கள். போன ரமலானில் மறந்துவிட்டார்கள். தராவீஹ் இரவுத் தொழுகையில் நின்றபோதும் மனம் அதிலேயே கிடந்தது. அப்படியானால் இத்தனை காலம் பெயருக்காகத்தான் கொடுத்தேனா? இந்த ஆண்டு நிறுத்திவிடலாமா? பெயர் சொன்னால் வாப்பாவுக்கு நாலு பேர் துஆ (பிரார்த்தனை) செய்வார்களே என்றும் தோன்றுகிறது.

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். கஞ்சியை நிறுத்தாதீர்கள், சகோதரரே. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஹிஜ்ரி 187இல் மக்காவில் வஃபாத்தான (இறந்த) ஆன்மிகப் பெரியார் ஃபுளைல் பின் இயாழ் (ரஹ்) சொன்னார்கள்: மக்களுக்காக ஓர் அமலை (நற்செயலை) விடுவது முகஸ்துதி (பிறர் மெச்ச வேண்டும் என்ற எண்ணம்), மக்களுக்காக ஓர் அமலைச் செய்வது ஷிர்க் (இறைவனுக்கு இணைவைத்தல்), இவ்விரண்டிலிருந்தும் அல்லாஹ் உன்னைக் காப்பதே இக்லாஸ் (மனத்தூய்மை). முகஸ்துதிக்குப் பயந்து கொடுப்பதை நிறுத்தினாலும் மனிதர்களின் பார்வைதான் உங்களை ஆட்டிவைக்கிறது. நஷ்டம் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் நோன்பாளிகளுக்கு.

உங்களைப் பயமுறுத்தியது எந்த ஹதீஸ் (நபிமொழி) என்று ஊகிக்க முடிகிறது. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறதே, அதுதான். போரில் உயிர் விட்டவர், கற்றுக் கற்பித்துக் குர்ஆன் ஓதியவர், வாரி வழங்கிய செல்வர். மூவரும் நரகில் வீசப்படுகிறார்கள். செல்வரிடம் சொல்லப்படுவதைக் கவனியுங்கள்: "கொடைவள்ளல் என்று பேசப்படவே கொடுத்தாய், அப்படிப் பேசப்பட்டும் விட்டது." அவரைக் கொடுக்கத் தூண்டியதே அந்தப் பேச்சு. உங்களைத் தூண்டியது வாப்பாவின் நினைவும் அவருக்குக் கிடைக்க வேண்டிய நன்மையும். பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டையும் ஒன்றாக்கி உங்களுக்கு நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம்.

நிய்யத் (செயலின் நோக்கம்) பற்றிய ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய அறிஞர் இப்னு ரஜப் (ரஹ்) இதை நுணுக்கமாகப் பிரிக்கிறார்கள். அமல் அல்லாஹ்வுக்காகத் தொடங்கி, இடையில் பிறர் பார்வை பற்றிய எண்ணம் தலைகாட்டி, அதைத் தள்ளிவிட்டால் பாதகமில்லை. தள்ளாமல் நீடித்தால் முன்னோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதல் நிய்யத்துக்கு உரிய கூலி வீணாகாது என்பதே இமாம் அஹ்மத், தபரீ (ரஹ்) ஆகியோரின் நம்பிக்கை. ஆனால் இது தொழுகை, நோன்பு போல முதலும் முடிவும் பிணைந்த அமல்களுக்கு. தர்மம் அப்படியல்ல. முகஸ்துதி நுழைந்த இடத்தோடு அங்கே நிய்யத் அறுந்துவிடும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். எனவே ஒவ்வொரு ரமலானின் கஞ்சியும் தனி அமல். போன ஆண்டு வாட்டம் அதற்கு முந்தைய ஆண்டுகளைத் தொடாது. அந்த வாட்டமும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பிறகு வந்தது. அது நன்மையை அழித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பெயர் கேட்கும் ஆசை உள்ளே வளர்ந்திருப்பதை மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டது. இதற்காக வருந்துகிறீர்களே, அதுவே நல்ல அடையாளம்.

கொடுத்த பிறகும் கெடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. சொல்லிக்காட்டுவது. சொல்லிக்காட்டியும் புண்படுத்தியும் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்கிறது அல்குர்ஆன் 2:264. மக்கள் பார்க்கச் செலவிடுபவனுக்கு அந்த வசனம் தரும் உவமை, வழுக்குப் பாறைமேல் படிந்த மண். ஒரு பெருமழையில் பாறை வெறுமையாகிவிடும். ஆகவே முத்தவல்லியிடம் (பள்ளிவாசல் நிர்வாகியிடம்) போய் "ஏன் என் பெயரை விட்டீர்கள்" என்று கேட்டுவிடாதீர்கள். வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

வெளிப்படையாகக் கொடுப்பதே தவறு என்ற முடிவுக்கும் போகவேண்டியதில்லை. முளர் கோத்திரத்து மக்கள் கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு மதீனா வந்தபோது, அவர்கள் வறுமையைக் கண்டு நபி (ஸல்) அவர்களின் முகம் வாடியது. தொழுகை நடத்தி, பாதிப் பேரீச்சம்பழமாவது கொடுங்கள் என்றார்கள். அன்சாரி (மதீனாவாசி) ஒருவர் கை தாங்கமுடியாத கனத்தில் ஒரு பையைத் தூக்கிவந்தார், எல்லோரும் பார்க்க. பின்னாலேயே மற்றவர்களும் கொண்டுவர, உணவும் துணியுமாக இரண்டு குவியல்கள் சேர்ந்தன. நபியவர்களின் முகம் பொன்போல் ஒளிர்ந்தது. நல்ல வழியைத் தொடங்கிவைப்பவருக்கு அதைப் பின்பற்றுவோரின் கூலி போன்றதும் உண்டு என்று அப்போதுதான் சொன்னார்கள். 2:271 வசனமும் வெளிப்படையாகக் கொடுப்பதை நல்லது என்கிறது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பதை அதைவிட நல்லது என்கிறது. (தொகையையும் சேர்த்து மைக்கில் வாசிக்கும் பழக்கத்தை மட்டும் ஜமாஅத்துகள் விட்டுவிட வேண்டும். ஐம்பது ரூபாய் கொண்டுவருபவர் கூனிக்குறுகுகிறார்.)

இந்த ரமலானில் பணத்தை எடுக்கும் முன் சற்று உட்காருங்கள். யாருக்காக, எதற்காக என்று மனத்தில் தெளிவாக்கிக்கொண்டு பிறகு கொடுங்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், அது கணக்கு. செயலாளரிடம் தனியாக, "என் பெயர் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அதை நாலு பேருக்கு முன் சொன்னால் அதுவும் விளம்பரம்தான். கூடவே, வீட்டில் உள்ளவர்களுக்குக்கூடத் தெரியாத ஒரு தர்மத்தை வழக்கமாக்குங்கள். மளிகைக் கடையில் ஓர் ஏழைக் குடும்பத்தின் பாக்கியை அடைத்துவிட்டு வருவது போதும். நபியவர்களின் பேரர் ஹுஸைன் (ரலி) அவர்களின் மகனார் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) இரவில் மூட்டை சுமந்து மதீனாவின் ஏழை வீடுகளுக்கு உணவு கொண்டுசெல்வார்கள். யார் தருகிறார் என்று அந்த வீடுகளுக்கே தெரியாது. வஃபாத்துக்குப் பின் குளிப்பாட்டியபோது முதுகில் இருந்த தழும்புகள்தாம் சொல்லின. யாருக்கும் தெரியாத அமல் ஒன்று கையில் இருந்தால், மைக்கில் வரும் பெயருக்காக மனம் இவ்வளவு ஏங்காது.

வாப்பாவின் விஷயம். நபித்தோழர் ஸஅத் பின் உபாதா (ரலி) தம் தாயார் இறந்தபோது, அவர்களுக்காக நான் தர்மம் செய்தால் பயன் தருமா என்று நபியவர்களிடம் கேட்டார்கள். "ஆம்" என்று பதில் வந்ததும் தம் தோட்டத்தையே தர்மமாக்கினார்கள். உங்கள் கஞ்சியின் நன்மையும் வாப்பாவுக்குச் சேர, யாரும் பெயர் வாசிக்கத் தேவையில்லை. பிறர் துஆவும் வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்கு வாப்பா பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள், "மர்ஹூம் (மறைந்த) இன்னாருக்காக துஆ செய்யுங்கள்" என்று வாசிக்கட்டும். மறந்துவிட்டார்களா, நோன்பு திறக்கும் முன் நீங்கள் கேளுங்கள். இறந்த பிறகும் ஒருவருக்குத் தொடரும் மூன்றில் நல்ல பிள்ளையின் துஆவும் ஒன்று என்பது நபிமொழி.