3,000 ரூபாய்த் தவணைக்கு 3,276 ரூபாய் பில் ஏன்?

கேள்வி: குடியாத்தத்தில் தனியார் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய். கணவருக்கு ஷூ கம்பெனியில் 19,000. வாடகை 6,500. மாதம் 2,000 ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று ஓடுகிறது, 20 மாதத்தில் 13 மாதம் கட்டியாயிற்று. கையிருப்பு 22,000.

போன தீபாவளிக்கு ஆன்லைனில் ‘ஜிஎஸ்டி குறைப்பு விழா’ என்று போட்டிருந்ததைப் பார்த்து 18,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கினோம். எங்களிடம் கிரெடிட் கார்டு கிடையாது. காட்பாடியில் இருக்கும் தம்பியின் கார்டில், 6 மாத நோ காஸ்ட் ஈஎம்ஐ. மாதம் 3,000 என்றுதான் போட்டிருந்தது. முதல் மாதமே தம்பி 3,276 கேட்டான். ‘உன் தம்பி நம்மிடமே வட்டி பார்க்கிறானா?’ என்று கணவர் கேட்டுவிட்டார். நான் மாதம் 3,000 மட்டும் அனுப்புகிறேன். தம்பியும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்னும் 2 தவணை பாக்கி.

இப்போது மாமியாருக்காக ஏசி வாங்க வேண்டும். மாடி வீடு, மாசியிலேயே கொதிக்கிறது. ஆன்லைனில் 35,990, மாதம் 3,999 வீதம் 9 மாதம். முழுப்பணமும் கட்டினால் 1,500 தள்ளுபடி. வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடையில் அதே மாடலை மாட்டுக்கூலி, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 39,000 சொல்கிறார்கள். சீட்டைத் தள்ளி எடுத்து மொத்தமாகக் கட்டிவிடலாமா? போன மாதம் 4,500 தள்ளிப் போனது.

இன்னொன்று. 12 நாளுக்கு முன் புடவை ஒன்றுக்கு யுபிஐ-யில் 1,150 ரூபாய் போனது. ஆர்டர் விழவில்லை, பணமும் திரும்பவில்லை. இதனால்தான் கேஷ் ஆன் டெலிவரியே நல்லது என்று நினைத்தால், இப்போது அதற்கும் தனியாகக் காசு கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் தம்பியை இந்த வழக்கிலிருந்து விடுவித்துவிடுகிறேன். அவர் ஒரு ரூபாய் கூட வைத்துக்கொள்ளவில்லை.

நோ காஸ்ட் ஈஎம்ஐ என்றால் வட்டி இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வட்டி உண்டு. வங்கி ஆண்டுக்கு 16 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உங்கள் 18,000 ரூபாய் மெஷினின் விலையில் விற்பவர் 811 ரூபாயைக் குறைத்துக்கொள்கிறார். வங்கி தருவது 17,189 ரூபாய்க் கடன். அதற்கு 6 மாத வட்டி அதே 811. இரண்டும் சேர்ந்தால் 18,000. ஆறால் வகுத்தால் 3,000. இதுவரை விளம்பரம் சொன்னது சரிதான். இப்படி வட்டியை மறைத்து ‘பூஜ்ய வட்டி’ என்று சொல்லும் பழக்கத்தை 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி கண்டித்தது. அதற்குப் பிறகு பெயர்தான் மாறியிருக்கிறது.

இடிப்பது எங்கே என்றால், வரியில். வீட்டுக் கடன், நகைக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் 18 சதவீதம் உண்டு. விற்பவர் வட்டியைத்தான் ஏற்றுக்கொண்டார், வட்டி மேல் வரும் வரியை இல்லை. முதல் மாத வட்டி 229 ரூபாய், அதன் வரி 41. கூடவே வங்கியின் பிராசஸிங் கட்டணம் 199, அதற்கும் வரி 36. எல்லாவற்றையும் 3,000-த்தோடு கூட்டிப் பாருங்கள்: 3,276. நீங்கள் எழுதிய தொகையே வருகிறது. இரண்டாம் மாதம் 3,035, பிறகு 3,028, 3,021 என்று இறங்கியிருக்கும். மிச்சமிருக்கும் இரண்டு மாதத்துக்கு 3,014, 3,007. ஆறு மாதத்துக்கும் சேர்த்து நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 381 ரூபாய். பெரிய தொகையில்லைதான். ஆனால் ஒரு குடும்பத்தில் பேச்சு நிற்க 276 ரூபாய் போதுமாக இருந்திருக்கிறதே.

அந்தக் குறைப்பு விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்தது உண்மை. ஏசி, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, பாத்திரம் கழுவும் மெஷின் எல்லாம் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு வந்தன. வாஷிங் மெஷின் அந்தப் பட்டியலில் இல்லை. அது 2018 ஜூலையிலிருந்தே 18 சதவீதம்தான். மொபைலும் அப்படித்தான், பழைய 18-லேயே நிற்கிறது. உங்களுக்குக் கிடைத்தது சாதாரண தீபாவளித் தள்ளுபடி, மேலே தோரணம் மட்டும் வேறு. ஏசி-க்கு உண்மையாகவே குறைந்திருக்கிறது. வரியோடு 40,000 விற்ற ஏசி, வரி குறைந்த கணக்கில் 36,875-க்கு வர வேண்டும். எனவே ஏசி விளம்பரத்தில் ‘விலை குறைப்பு’ என்று பார்த்தால், முதல் மூவாயிரம் அரசு குறைத்தது, கடைக்காரர் குறைத்தது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஏசி. முதல் பக்கத்து விலையை விட்டுவிட்டு, கடைசி ரூபாய் வரை கணக்குப் போடுவோம். 35,990-ஐ 9 மாதத் தவணையில் வாங்கினால், மேலே சொன்ன அதே முறையில் வட்டி மேல் வரியும் பிராசஸிங் கட்டணமும் சேர்ந்து சுமார் 647 ரூபாய். ஆகமொத்தம் 36,637. பெட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடும். சுவரில் ஏறாது. நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டின் அடியில், சின்ன எழுத்தில், மாட்டுக்கூலி 1,499, ஸ்டாண்டு 800, கூடுதல் செம்புக் குழாய் மீட்டருக்கு 900 என்று இருக்கிறது. மாடி வீட்டில் வெளி யூனிட்டைத் தள்ளித்தான் வைக்க வேண்டியிருக்கும். 2 மீட்டர் கூடுதலாகப் போகும் என்று வைத்தால் 1,800. கூட்டினால் 40,736.

கடைக்காரர் சொன்ன 39,000-த்தில் மாட்டுக்கூலியும் ஸ்டாண்டும் அடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். குழாய்க்கு அதே 1,800 போட்டால் 40,800. வித்தியாசம் 64 ரூபாய்! குடியாத்தத்திலிருந்து வேலூர் போய்வர பஸ் செலவு கூட அதைவிட அதிகமாக ஆகலாம். ‘ஆன்லைனில் மூவாயிரம் குறைவு’ என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

முழுப்பணம் கட்டினால் கதை மாறும். 1,500 தள்ளுபடி போக, அந்த வங்கித் தள்ளுபடியைத் தருவதற்கென்று 49 ரூபாய் கட்டணம் (தள்ளுபடி தரக் கூலி! இதை முதலில் யோசித்தவரைப் பார்த்துக் கும்பிட வேண்டும்) சேர்த்து 34,539. மாட்டுவதற்கு 4,099. ஆக 38,638. அதாவது தவணைக்குப் போவதால் உங்கள் கையைவிட்டுப் போவது 2,098 ரூபாய். அதில் 647 மட்டும்தான் பில்லில் தெரியும். மீதி, கிடைக்காமல் போன தள்ளுபடி.

சரி, அந்த 2,098-ஐ மிச்சப்படுத்தச் சீட்டைத் தள்ளலாமா? வேண்டாம். 4,500 தள்ளி எடுத்தால் 40,000-த்துக்கு 35,500 கையில் வரும். இரண்டாயிரத்தைக் காப்பாற்ற நாலாயிரத்து ஐந்நூறைத் தூக்கிக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. இன்னும் 7 மாதம்தான் இருக்கிறது. போகப் போக ஏலத்தில் போட்டி குறையும், தள்ளும் குறையும். கடைசியில் எடுப்பவருக்கு ஏறக்குறைய முழுத்தொகை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தச் சீட்டு பதிவு செய்ததா? சீட்டு நடத்துபவர் தெரிந்தவர் என்பது பதில் ஆகாது. நம் மாவட்டத்தில் தெரிந்தவர்களை நம்பிப் போட்டுவிட்டுக் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பதிவு இல்லை என்றால் இந்தச் சீட்டு முடிந்ததும் அடுத்ததில் சேராதீர்கள்.

என் யோசனை இது. வாஷிங் மெஷின் தவணை ஏப்ரலில் முடிகிறது. அதற்கு முன் ஏசி வாங்கினால் 3,000, 3,999, சீட்டு 2,000, வாடகை 6,500 என்று மாதம் பதினைந்தாயிரத்துக்கு மேல் முதல் தேதியிலேயே போய்விடும். 33,000 வருமானத்தில் அது மூச்சு முட்டும். கத்திரி வெயில் தொடங்குவது மே முதல் வாரத்தில். ஏப்ரல் கடைசியில் வாங்கினால் போதும். அதுவரை மாமியார் கீழ் அறையில் படுத்துக்கொள்ள வழியிருக்கிறதா பாருங்கள்.

வாங்கும்போது கடையில் வாங்குங்கள். கையிருப்பு 22,000-த்தில் 15,000-ஐ ரொக்கமாகக் கொடுத்து, மீதிக்கு மட்டும் கார்டைத் தேய்த்து 6 மாதத் தவணையாக மாற்றிக்கொள்ளலாம். ஆன்லைனில் இப்படிப் பாதி ரொக்கம், பாதி தவணை என்று பிரிப்பது கஷ்டம். கடனும் குறையும், காலமும் குறையும், வரியும் குறையும். கடைக்காரரிடம் 38,638 கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாட்டுக்கூலி உட்பட எல்லாம் எழுதியிருந்தால் அவர் ‘ஆன்லைன்ல அப்படித்தாம்மா போடுவாங்க’ என்று தள்ளிவிட முடியாது. குறைக்கவில்லை என்றாலும், கோளாறு வந்தால் போய் நிற்க ஓர் இடம் இருக்கும். ஆன்லைனில் ஏசி போன்ற பெரிய பொருளுக்குப் பெரும்பாலும் ‘ரிப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்றுதான் போட்டிருப்பார்கள். டெக்னீஷியன் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அதுவும். திருப்பிக் கொடுத்தாலும் பிராசஸிங் கட்டணம் திரும்ப வருவது அரிது.

கரண்டு பில்லையும் இப்போதே யோசித்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் வேறு கணக்கு. வாடகை வீட்டில் தனி மீட்டர் இருக்கிறதா, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரே கணக்குப் போடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். மாதத் தவணையைவிட அதுதான் சில வீடுகளில் பெரிய அடி.

புடவைப் பணம். இது எளிது, சட்டம் உங்கள் பக்கம். யுபிஐ-யில் கடைக்குப் பணம் கட்டி, உங்கள் கணக்கில் கழிந்து, பணம் வந்ததென்று கடைக்கு உறுதி போகாமல் நின்றுவிட்டால், 5 நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி. 12 நாள் ஆகிவிட்டதால் 1,150-ஓடு 700 ரூபாயும் சேர்த்துக் கேளுங்கள். யுபிஐ செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியுங்கள், வங்கிக் கிளைக்கும் எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். ஒருவேளை பணம் கடைக்குப் போய்ச் சேர்ந்து, கடை ஆர்டரை ரத்து செய்திருந்தால் இந்த 100 ரூபாய் விதி பொருந்தாது. அப்போது கடையின் குறைதீர் அதிகாரிதான் பொறுப்பு. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி வரும் நம்பருக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். ரீஃபண்டு தருகிறேன் என்று பின் நம்பர் போடச் சொன்னால் அது திருட்டு. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

கேஷ் ஆன் டெலிவரிக் கட்டணம் பற்றி உங்களுக்கு மட்டுமல்ல, ஊரெல்லாம் கோபம். 2025 அக்டோபரில் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி இதைப் பற்றி விசாரணை நடப்பதாக அறிவித்தார். ஒரு விலையைக் காட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாகக் கட்டணம் சேர்ப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் தடை செய்திருக்கிறது. அதில் சொல்லப்பட்ட 13 ஏமாற்று வித்தைகளில் இதுவும் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, ‘இன்னும் 2 மட்டுமே பாக்கி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு வாங்கும் கட்டணம் வேறு. அது கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டு வாங்குவதும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. சொமேட்டோவின் பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023 ஆகஸ்டில் 2 ரூபாயாகத் தொடங்கியது, 2025 செப்டம்பரில் 12 ரூபாய். மறைத்து வாங்கினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.

தம்பியின் கார்டை மறுபடி கேட்பதற்கு முன் ஒன்று. நீங்கள் ஒரு மாதம் தாமதித்தால் கெடுவது அவர் சிபில் ஸ்கோர். நாளை அவர் வீட்டுக் கடன் கேட்கும்போது வங்கி அவரிடம்தான் கேள்வி கேட்கும். இதுவரை வந்த நான்கு பில்லில் நீங்கள் அவருக்குக் குறைவாக அனுப்பியது 276, 35, 28, 21, ஆக 360 ரூபாய். இந்த வாரமே அதைக் கொடுத்துவிடுங்கள். ஜிபே-யில் அனுப்பாமல் நேரில் போங்கள். போகும்போது ஆற்காட்டு மக்கன் பேடா கால் கிலோ வாங்கிக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.