68 பகுதிகளும் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்வது ஏன்?

வணக்கம். 68 மூளைப் பகுதிகளின் இணைப்பு அணியை (எந்தப் பகுதி எதனுடன் எவ்வளவு வலுவாக இணைந்துள்ளது என்ற அட்டவணை) குராமோட்டோ மாதிரியில் (ஒன்றையொன்று இழுக்கும் அலைவிகளின் கணித மாதிரி) ஓட்டினால் எல்லாம் ஒத்திசைந்துவிடுகிறது, எஃப்எம்ஆர்ஐ மூளை ஸ்கேனில் பகுதிகளுக்கிடையே தெரியும் தொடர்புகளோடு பொருந்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் நிரலில் ஒவ்வொரு வரிசையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுக்கிறீர்கள். அதனால் பல இணைப்புகள் கொண்ட மைய முனைகளுக்கும் ஓரத்துப் பகுதிகளுக்கும் உள்ளீடு சமமாகி, கட்டமைப்பு தரும் வேறுபாடே போய்விடுகிறது. மூலைவிட்டத்தைச் சுழியாக்கி, முழு அணியையும் அதன் மிகப்பெரிய ஐகன் மதிப்பால் (அணியின் ஒட்டுமொத்த வலிமையைக் காட்டும் எண்) வகுங்கள்.

அடுத்து, சிக்னல் இழை வழியே போய்ச்சேர ஆகும் தாமதத்தைச் சேர்க்காமல் விடவே கூடாது. 120 மி.மீ. இழையில் நொடிக்கு 6 மீட்டர் வேகம் என்றால் 20 மில்லிநொடி ஆகும். 40 ஹெர்ட்ஸ் அலைவின் ஒரு சுற்றே 25 மில்லிநொடிதான்! தாமதம் சுழியானால் நெடுந்தூர இழையும் உடனடியாக இழுக்கும், பகுதிகளுக்கிடையேயான பிணைப்பைக் கூட்டக் கூட்ட எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

பிறகு பிணைப்பு வலிமையைச் சிறு படிகளாக ஏற்றி, ஒழுங்கு அளவுருவின் (ஒத்திசைவை 0 முதல் 1 வரை காட்டும் எண்) சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வரையுங்கள். சராசரி 1-ஐ ஒட்டிய பகுதி உதவாது. விலக்கம் உச்சம் தொடும் இடத்தைச் சுற்றித் தேடுங்கள். ஒப்பிடுமுன் மாதிரியின் வெளியீட்டைப் பலூன் மாதிரி (நரம்புச் செயல்பாட்டுக்கேற்ப ரத்த ஓட்டம் மாறுவதைக் கணக்கிடுவது) வழியாகப் போல்ட் சிக்னலாக்கி (எஃப்எம்ஆர்ஐ அளக்கும் ரத்த ஆக்சிஜன் சிக்னல்), தொடக்க 20 நொடிகளை வெட்டிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இடது-வலது ஒத்த பகுதிகளின் தொடர்பு குறைவாக வரலாம். இணைப்பு அணிக்காக ஸ்கேனிலிருந்து நரம்பிழைகளைத் தடம் காணும் டிராக்டோகிராபி, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் பக்கவாட்டு இழைகளைப் பெரும்பாலும் தவறவிடுகிறது. அது நிரலின் பிழையல்ல.